முனிக்கு வைத்த ஒயின்

மூன்றாவது விரலும் முறிந்தது.

தீபன் அலறினான். அந்த அலறல் தகரக் கூரையில் முட்டி, வெளியே செம்பனை மரங்களுக்குள் போய், கேட்க ஆளில்லாமல் அடங்கியது.

சுங்காய் சாலையிலிருந்து ஆறு கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது செம்பாக்கா தோட்டம். ஒரு காலத்தில் நானூறு குடும்பங்கள் பால் வெட்டிய இடம். இப்போது ரப்பர் மரமும் இல்லை, குடும்பங்களும் இல்லை. மிஞ்சியது ஒரு துரை பங்களா, ஒரு பால் ஸ்டோர், அந்த ஸ்டோருக்குள் ரப்பர் பாலைத் தகடாக உருட்டும் பழைய இரும்பு மிஷின்.

மிஷினுக்கு இரண்டு உருளைகள். பக்கத்தில் ஒரு கைப்பிடி.

உருளைகளுக்கு நடுவே தீபனின் இடது கை.

கைப்பிடி ஜெயபாலனிடம்.

"மூணு ஆச்சு," என்றான் ஜெயபாலன். கொட்டாவி விட்டான். "இன்னும் ரெண்டு இருக்கு. அப்புறம் வலது கை. காலைல பதினோரு மணிதானே ஆகுது... நமக்கு என்ன அவசரம்லா?"

"அண்ணே... சத்தியமாண்ணே... சரக்கு ஒரிஜினல்ணே..."

"போடோ, முட்டாப்பய. இன்னும் அதையே சொல்றான் பாரு மாமா."

அவன் 'மாமா' என்று அழைத்த ஆள் பத்தடி தள்ளி, சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளை சிலுவார். பெயர் பத்துமலை. ஜெயபாலனின் அக்காவைக் கட்டியவர். மணல் லாரியில் ஆரம்பித்தவர். இன்று சுங்காயிலிருந்து தஞ்சோங் மாலிம் வரை ஆட்கள் அவர் பெயரைச் சொல்வதில்லை... 'அவரு' என்றுதான் சொல்வார்கள். சொல்லிவிட்டு ஒரு தடவை பின்னால் திரும்பிப் பார்ப்பார்கள்.

அவருடைய அப்பா இதே தோட்டத்தில் துரை வீட்டு வேலைக்காரர். துரையின் சிவப்பு ஒயினைத் தட்டில் தூக்கிக்கொண்டு நின்றவர். ஒரு நாள் ஒரு கிளாஸ் சாய்ந்துவிட்டது. பங்களாப் படிக்கட்டில், நாலு பேர் பார்க்க அறை வாங்கினார்.

மகன் மறக்கவில்லை. பங்களாவையே வாங்கினார். துரை குடித்த அதே ஒயினை, அதே ஹாலில் உட்கார்ந்து குடிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார்.

அந்த ஆசைக்குச் சரக்கு பிடித்துக் கொடுத்தவன்தான் தீபன். ஈப்போவில் புரோக்கர். பழைய கார், பழைய கைக்கடிகாரம், பழைய மது... எது பழசோ அதை விற்பான். மூன்று மாதத்துக்கு முன் பன்னிரண்டு பாட்டில் கொண்டுவந்து இறக்கினான். ஷாத்தோ மொர்வால், 1990. பிரான்ஸ் தேசத்து ஒயின். முப்பது வருடம் வைத்திருந்தாலும் கெடாமல், வயதாக வயதாக ருசி ஏறும் சாதி.

போன ஞாயிற்றுக்கிழமை பத்துமலை வீட்டு விருந்து. ஐம்பது பேர். ஈப்போவின் பெரிய தவுக்கே, சீன முதலாளி ஒருவர், ஒரு வாய் குடித்தார். சிரித்தார்.

'பத்து, இது சூப்பர்மார்க்கெட் சரக்குலா,' என்றார்.

ஐம்பது பேரும் சிரித்தார்கள்.

அப்பா வாங்கிய அறை மகன் கன்னத்திலும் விழுந்தது. அதன் பலன்தான் தீபனின் மூன்று விரல்கள்.

"தம்பி," என்றார் பத்துமலை. குரலில் கோபமே இல்லை. அதுதான் தீபனைப் பயமுறுத்தியது. "உன் அக்கா வந்துக்கிட்டிருக்கா. பிரான்சு வரைக்கும் போய் நாக்கைப் படிக்க வச்சவளாமே?"

"அக்கா எதுக்குண்ணே... அது பாவம்ணே..."

"அவ குடிச்சுப் பார்த்துச் சொல்லட்டும். ஒரிஜினல்னா நீ வீட்டுக்குப் போலாம். அந்தத் தவுக்கேயை நான் பார்த்துக்குவேன். போலின்னா..." மேசையைக் காட்டினார். மேசையில் ஒரு பாராங் கத்தி கிடந்தது. நேற்றுதான் சாணை பிடித்திருந்தார்கள். "நீ திரும்பிப் போக வேண்டியதில்லை."

 தீபனுக்குப் பயத்திலும் ஒரு நிம்மதி இருந்தது. சரக்கு ஒரிஜினல். அந்தப் பன்னிரண்டையும் கேமரன் மலையில் செத்துப்போன ஒரு வெள்ளைக்காரரின் வீட்டிலிருந்து எடுத்துக் கொடுத்ததே அக்காதான். அக்கா பொய் சொல்ல மாட்டாள்.

வாசலில் கார் வந்து நின்றது.

தினேஸ்வரி உள்ளே வந்தாள்.

வயது முப்பத்தெட்டு. ஈப்போவில் ஒரு பெரிய ஓட்டலில் ஒயின் பிரிவுக்குத் தலைவி. வெள்ளைச் சட்டை, கறுப்பு கால்சட்டை, இறுக்கிக் கட்டிய கொண்டை, தோளில் ஒரு பெரிய தோல் பை. தம்பியை ஒரே ஒரு முறை பார்த்தாள். அவன் கையைப் பார்த்தாள். உதடு லேசாக ஆடியது. உடனே நின்றுவிட்டது.

"வணக்கம்ணே."

"வா தங்கச்சி. உட்காரு." பத்துமலை அவளுக்கு ஒரு நாற்காலியைக் காலால் தள்ளினார். "ஒன்னு முதல்லயே சொல்லிடறேன். தம்பியைக் காப்பாத்த நீ பொய் சொல்லலாம். நானா இருந்தா சொல்லுவேன். அதனால கோலாலம்பூர்லேர்ந்து ஒரு வெள்ளைக்காரனை வரச் சொல்லியிருக்கேன். மூணு மணிக்கு வருவான். அவனும் குடிச்சுப் பார்ப்பான். நீ ஒன்னு சொல்லி அவன் வேற சொன்னா... அக்காவும் தம்பியும் ஒரே குழி."

"சரிண்ணே."

அவ்வளவுதான் சொன்னாள். பையிலிருந்து இரண்டு பெரிய கிளாஸ்களை எடுத்தாள். ஒரு வெள்ளைத் தாள். ஒரு தண்ணீர் போத்தல். துப்புவதற்கு ஒரு கிண்ணம். எல்லாவற்றையும் மேசையில், பாராங்குக்குப் பக்கத்தில், ஒழுங்காக அடுக்கினாள்.

"சிகரெட்டை அணைச்சிடுங்கண்ணே. புகை இருந்தா மூக்கு வேலை செய்யாது."

பேராக் மாநிலத்தில் பத்துமலையிடம் அப்படிச் சொன்ன ஆள் யாரும் உயிரோடு இல்லை. ஜெயபாலன் வாயைப் பிளந்தான். பத்துமலை சிகரெட்டைத் தரையில் போட்டு மிதித்தார்.

"இன்னொன்னு. ரத்த வாசனையும் ஆகாது. அவன் கையை வெளில எடுத்துக் கழுவித் துணி சுத்திடுங்க. இல்லாட்டி நான் சொல்ற எதையும் நீங்க நம்ப முடியாது."

பத்துமலை அவளை உற்றுப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார். ஜெயபாலன் முணுமுணுத்துக்கொண்டே கைப்பிடியைப் பின்பக்கமாகச் சுற்றினான். தீபனின் கை வெளியே வந்தது. அதைக் கை என்று சொல்லக் கொஞ்சம் தைரியம் வேண்டும். குழாயடியில் கழுவி, பழைய துண்டைச் சுற்றி, அவனை நாற்காலியோடு சேர்த்துக் கட்டினார்கள். அந்த வலியிலும் தீபனுக்கு அழுகை வந்தது அக்காவை நினைத்துத்தான்.

"திறங்க," என்றாள் தினேஸ்வரி.

ஜெயபாலன் கழுத்தில் தொங்கிய சாவியை ஒரு தடவை தடவிக்கொண்டான். பங்களா நிலவறையின் சாவி அது. அங்கிருந்து எடுத்து வந்திருந்த பாட்டிலைத் தூக்கினான். தலைகீழாகத் திருப்பினான்.

உள்ளங்கையால் அடியில் ஓங்கித் தட்டினான். ஒன்று... இரண்டு... மூன்று.

சம்சு சாராய பாட்டிலைத் திறக்கும் பழக்கம். தோட்டத்து ஆண்பிள்ளைகளுக்கு அது கையோடு பிறந்தது. கல்யாணமோ கருமாதியோ, அடியில் தட்டாமல் மூடியைத் தொடமாட்டார்கள். ஏன் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது.

தினேஸ்வரியின் முகத்தில் ஒரு கணம் ஏதோ ஓடி மறைந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை.

கார்க் வந்தது. கிளாஸில் ஒயின் விழுந்தது.

அவள் கிளாஸை வெள்ளைத் தாளுக்கு மேல் சாய்த்துப் பிடித்தாள். நிறத்தைப் பார்த்தாள். விளிம்பைப் பார்த்தாள். ஆட்டாமல் ஒரு தடவை மோந்தாள். பிறகு மெல்லச் சுழற்றி இன்னொரு தடவை. கண்ணை மூடினாள். ஒரு வாய் எடுத்தாள். பல்லுக்கும் கன்னத்துக்கும் நடுவே உருட்டினாள். காற்றை உள்ளே இழுத்தாள். துப்பினாள்.

பிறகு சும்மா உட்கார்ந்திருந்தாள். உதடு மட்டும் அசைந்தது... எண்ணிக்கொண்டிருந்தாள்.

"என்ன எண்ற?" என்றார் பத்துமலை.

"துப்பின பிறகு ருசி எவ்வளவு நேரம் நாக்குல நிக்குதுன்னு. நல்ல பழைய ஒயின்னா முப்பது, நாப்பது எண்ணலாம்."

"இது?"

"ஆறு."

பத்துமலை முன்னால் சாய்ந்தார்.

"முடிவாச் சொல்லு தங்கச்சி."

தினேஸ்வரி கிளாஸை மேசையில் வைத்தாள்.

"போலி."

தீபனுக்குக் காது அடைத்தது. தப்பாகக் கேட்டுவிட்டோமோ என்று நினைத்தான். ஜெயபாலன் பாராங்கை எடுத்த வேகத்தைப் பார்த்ததும் தப்பாகக் கேட்கவில்லை என்று தெரிந்துபோனது.

"அக்கா... என்னக்கா சொல்ற... நீதானே..."

"வாயை மூடு," என்றாள் அவள், அவன் பக்கம் திரும்பாமல்.

கூடப் பிறந்தவள். அம்மா செத்த பிறகு சோறு ஊட்டியவள். அவளே கழுத்தைப் பிடித்துக் கத்திக்குக் கீழே வைக்கிறாள். தீபனுக்கு விரல் வலி மறந்துபோனது. அதைவிடப் பெரிய வலி நெஞ்சில் வந்து உட்கார்ந்தது.

"இதைக் குடிச்சா எல்லாத்தையும் சொல்லிடலாம்ணே," என்று அவள் பத்துமலையிடம் பேச ஆரம்பித்தாள். வகுப்பு எடுப்பவளின் குரல். "மொர்வால்ங்கிறது மூணு திராட்சை கலந்த சரக்கு. கபெர்னேதான் எலும்பு... துவர்ப்பைக் கொடுத்து முப்பது வருசம் நிமிர்த்தி வைக்கும். மெர்லோ சதை. மூணாவதா கொஞ்சூண்டு கபெர்னே ஃப்ராங், வாசத்துக்கு. இதுல எலும்பே இல்ல. ஏழு பங்கு சிலி நாட்டு மெர்லோ, மூணு வருசத்து சரக்கு. ரெண்டு பங்கு இனிப்பு ஒயின். ஒரு பங்கு கட்டித் தேயிலைச் சாயம்... பழசு மாதிரி துவர்க்கட்டும்னு."

பத்துமலையின் புருவம் உயர்ந்தது. "ஒரே வாய்ல இவ்வளவும் தெரியுமா?"

"நாக்குதானேண்ணே என் பொழப்பு."

"வெட்டிடலாமா மாமா?" என்றான் ஜெயபாலன். பாராங்கின் நுனி தீபனின் கழுத்தில் ஊன்றி, ஒரு துளி ரத்தம் எட்டிப் பார்த்தது.

"ஒரு நிமிசம்," என்றாள் தினேஸ்வரி. "உள்ள இருக்கிறது போலின்னுதான் சொன்னேன். பாட்டில் ஒரிஜினல். லேபிள் ஒரிஜினல். யாரோ திறந்து, நல்ல சரக்கை எடுத்துட்டு, இதை ஊத்தி மூடியிருக்காங்க. இங்க வர்றதுக்கு முன்னாலயா... வந்த பிறகா? அதைத் தெரிஞ்சுக்காம வெட்டினா, ஆளு மாறிப் போயிடும்ணே."

"எப்படித் தெரிஞ்சுக்கறது?"

"தம்பி கொண்டுவந்த அன்னைக்கே பிரிச்சு எடுத்து வச்ச பாட்டில் ஏதாவது இருக்கா? நிலவறைக்குப் போகாதது... யார் கையும் படாதது?"

பத்துமலை யோசித்தார். நெற்றியைத் தடவினார். திடீரென்று நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"முனிக்கு வச்சேன்."

செம்பாக்கா தோட்டத்தின் நுழைவாயிலில், அரசமரத்தடியில் முனீஸ்வரன் இருக்கிறார். தோட்டம் இருந்தபோதும் காவல், தோட்டம் போன பிறகும் காவல். புது லாரி வாங்கினால் முதலில் அவர் முன்னால்தான் நிறுத்த வேண்டும். புதுச் சரக்கு இறங்கினால் முதல் பாட்டில் அவருக்குத்தான். சுருட்டும் உண்டு. வைத்தது வைத்ததுதான். ஊரையே அடித்து உலையில் போடுகிறவன்கூட முனி பாட்டிலில் கை வைக்கமாட்டான். கை விளங்காமல் போய்விடும் என்ற பயம்.

"நானே எடுத்துட்டு வாரேன்," என்றார் பத்துமலை. "வேற யாரும் தொடக் கூடாது."

சப்பாத்தைக் கழற்றிப் போட்டார். சட்டைப் பையில் சூடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். மூன்று விரலை முறிக்கச் சொன்ன மனிதர், சாமியிடம் அனுமதி கேட்க வெறுங்காலோடு வெயிலில் நடந்து போனார்.

ஜெயபாலன் தினேஸ்வரிக்குப் பக்கத்தில் வந்து குனிந்தான்.

"கெட்டிக்காரிதான் நீ. ஆனா அதுவும் போலியாத்தான் இருக்கும். உன் தம்பி மூஞ்சியைப் பார்த்தாலே தெரியுது. அப்ப அந்த மிஷின்ல முதல் விரல் உன்னோடதுதான். பஸ்தி, நிச்சயம்."

"சரிண்ணே," என்றாள் அவள். தண்ணீரால் வாயைக் கொப்புளித்தாள்.

பத்து நிமிடத்தில் பத்துமலை திரும்பினார். இரண்டு கையாலும் பாட்டிலை ஏந்தி வந்தார். பாட்டில் முழுக்கத் தூசி. கழுத்தில் சந்தனமும் குங்குமமும். வெயிலில் சுடச் சுட இருந்தது.

"அதே ஆளு, அதே மாதிரி தட்டித் திறக்கட்டும்ணே," என்றாள் தினேஸ்வரி. "நீங்களே பாருங்க. என் பேச்சை நம்ப வேணாம்."

ஜெயபாலன் முனியை நினைத்து ஒரு கும்பிடு போட்டான். பாட்டிலைக் கவிழ்த்தான். அடியில் மூன்று தட்டு. திறந்தான். ஊற்றினான்.

கலங்கிய குட்டைத் தண்ணீர் வந்தது.

பழுப்பும் சிவப்புமாக, உள்ளே தூள் தூளாக ஏதோ சுற்றிக்கொண்டிருந்தது. முதல் கிளாஸை அதன் பக்கத்தில் நகர்த்தி வைத்தாள் தினேஸ்வரி. அது இன்னும் கண்ணாடி போலத் தெளிந்திருந்தது.

"முப்பது வருசமா அடியில படிஞ்ச மண்டிண்ணே. பழைய ஒயின்ல இது இருந்தே தீரும். ஒரு நாள் முழுக்க நிமிர்த்தி வச்சு, அசைக்காம ஊத்தணும். இப்படித் தட்டினா கலங்கிடும். ரெண்டையும் ஒரே கைதான் தட்டுச்சு. ஒன்னு கலங்கிச்சு. இன்னொன்னுல கலங்க எதுவுமே இல்ல."

ஒரு வாய் எடுத்தாள். இந்தத் தடவை கண்ணை மூடியவள் திறக்க நேரம் பிடித்தது. துப்பினாள். எண்ணினாள். எண்ணிக்கொண்டே இருந்தாள்.

"நாப்பத்தி ரெண்டு. வெயில்ல நின்னு கொஞ்சம் வெந்திருக்கு. ஆனா இதுதான் மொர்வால்."

பத்துமலை கிளாஸை வாங்கினார். குடித்தார். மண்டியோடு விழுங்கினார். சுருட்டுப் பெட்டி வாசம்... மழை பெய்த காட்டு மண் வாசம்... தொண்டைக்குள் போன பிறகும் போகாமல் நின்ற ஒரு துவர்ப்பு. பெரிய மனிதரின் கண் கலங்கியது.

"இதைத்தான் எங்கப்பா தட்டுல தூக்கிட்டு நின்னாரா?" என்றார். யாரையும் பார்த்துக் கேட்கவில்லை.

பிறகு கிளாஸை வைத்துவிட்டு ஜெயபாலனைப் பார்த்தார்.

"மச்சான். நிலவறைச் சாவி யாருகிட்ட இருக்கு?"

ஜெயபாலனின் கை தன்னால் கழுத்துக்குப் போனது. "மாமா... என்ன மாமா கேக்கறீங்க... நான் எப்படி..."

"பன்னெண்டுல ஒன்னு முனிக்கு. விருந்துல நாலு. இன்னைக்கு ஒன்னு. கீழ ஆறு இருக்கணும். போய்ப் பார்க்கவா?"

ஜெயபாலன் வாசலைப் பார்த்தான். நெற்றியில் வேர்வை பொட்டுப் பொட்டாகக் கிளம்பியது.

"எத்தனைடா இருக்கு?"

"அஞ்சு மாமா... ஒன்னே ஒன்னுதான் எடுத்தேன்... என் பொறந்தநாளுக்கு... கூட்டாளிங்க கேட்டாங்கன்னு... சத்தியமா ஒன்னுதான்..."

"ஒன்னை எடுத்தவன் ஒன்னைத்தான் எடுத்தான்னு நான் நம்பணும்?"

"முனி சத்தியமா மாமா..."

"முனி பாட்டிலை மட்டும் நீ தொடலை. அதாண்டா நீ மாட்டிக்கிட்டதே."

ஜெயபாலனுக்குப் புரிந்துபோனது. இருபது வருடமாக அவர் கூட இருப்பவன். அந்தக் கண்ணை அவன் பார்த்திருக்கிறான்... மற்றவர்களைப் பார்க்கும்போது. தப்பிக்க ஒரே வழிதான் இருந்தது. கையில் பாராங் இருந்தது.

வீசினான்.

பத்துமலை விலகினார். முழுதாக விலக முடியவில்லை. தோளில் இறங்கி எலும்பில் மாட்டியது கத்தி. வெள்ளைச் சட்டை சிவந்தது. ஜெயபாலன் கத்தியைப் பிடுங்க இழுத்தான். வரவில்லை. இன்னொரு இழுப்பு.

அந்த நேரம் போதுமாக இருந்தது பத்துமலைக்கு.

மேசையைத் துழாவினார். முதலில் கையில் பட்டது முனி பாட்டில். அந்த ஆத்திரத்திலும் அதை விட்டுவிட்டு, அடுத்ததை எடுத்தார். போலி பாட்டில். ஜெயபாலனின் மண்டையில் உடைத்தார். அவன் தடுமாறினான். கையில் மிஞ்சிய கழுத்துத் துண்டை அவன் தொண்டையில் செருகினார். திருகினார்.

ஜெயபாலன் இரண்டு கையாலும் தொண்டையைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தான். ஏதோ சொல்லப் பார்த்தான். ரத்தம்தான் வந்தது. மிஷினின் கைப்பிடியைப் பிடித்து எழப் பார்த்தான். அது சுழன்றது. அப்படியே சரிந்தான்.

கால் இரண்டு தடவை உதைத்தது. பிறகு இல்லை.

தீபனுக்குச் சந்தோஷமாக இருந்தது. கூடவே வெட்கமாகவும் இருந்தது. விரலை முறித்தவன் செத்தால் சந்தோஷப்படாமல் இருக்க அவன் ஒன்றும் மகான் இல்லை.

பத்துமலை தோளிலிருந்து கத்தியைத் தானே பிடுங்கிப் போட்டார். பல்லைக் கடித்தார்.

"உன் அக்காவுக்கு நான் பதில் சொல்லிக்கறேன்," என்றார் பிணத்திடம். பிறகு தினேஸ்வரியிடம் திரும்பினார். "தங்கச்சி, தம்பியைக் கூட்டிட்டுப் போ. டாக்டர் கேட்டா கார் கதவுல மாட்டிக்கிச்சுன்னு சொல்லு."

"சரிண்ணே."

"அந்த வெள்ளைக்காரனை வர வேணாம்னு சொல்லிடறேன். உன் நாக்கு போதும். இன்னொன்னு..." மூச்சு வாங்கினார். "எனக்கு மறுபடியும் பன்னெண்டு வேணும். அதே சரக்கு. உன் கையாலயே பார்த்து எடுத்துக் கொடு. உன்னைத் தவிர இனி யாரையும் நம்பறதா இல்ல."

"பார்க்கறேண்ணே," என்றாள் அவள்.

கார் செம்மண் பாதையைத் தாண்டித் தார்ச் சாலை ஏறியது. தீபன் கையை மடியில் வைத்துக்கொண்டு அழுதான். வெட்கப்படாமல் அழுதான்.

"மன்னிச்சிடுக்கா. போலின்னு சொன்னதும் உன்னை ரொம்பத் தப்பா நினைச்சுட்டேன்."

 தினேஸ்வரி கண்ணாடியில் பின்னால் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.

"அந்த ஜெயபாலன் பயல்... மெர்லோ, தேயிலைன்னு அளந்து கலக்க எங்கக்கா கத்துக்கிட்டான்?"

"அவனுக்கு டீ கலக்கவே தெரியாதுடா."

தீபன் மெதுவாகத் திரும்பினான்.

"அப்புறம்?"

"நான்தான் கலந்தேன்."

கார் ஒரு லாரியைத் தாண்டியது.

"பன்னெண்டும்," என்றாள். "ஓட்டல்ல குடிச்சுட்டுப் போன காலி பாட்டில். கேமரன் மலையில எந்த வெள்ளைக்காரனும் சாகலை. உன்கிட்ட சொன்னா உன் மூஞ்சியே காட்டிக் கொடுத்துடும்னு சொல்லலை. இவ்வளவு தூரம் வரும்னு தெரிஞ்சிருந்தா..." அவன் மடியில் கிடந்த கையைப் பார்த்தாள். "உன் விரலைப் பார்த்ததும் என் உசிரே போயிடுச்சுடா."

 தீபன் திட்ட நினைத்தான். எந்த வார்த்தையும் போதவில்லை.

"அப்ப... முனி பாட்டில்?"

"அதுவும் நம்ம சரக்குதான்... இன்னைக்குக் காலைல வரைக்கும். ஓட்டல் இருப்புல கடைசியா ரெண்டு ஒரிஜினல் இருந்துச்சு. உள்ள வந்து எப்படியாவது மாத்திடலாம்னு ஒன்னைப் பையில போட்டுட்டு வந்தேன். கேட்டுல முனியைக் கும்பிடலாம்னு நிறுத்தினா... அவர் முன்னால நம்ம பாட்டில் நிக்குது. அவரே வழி காட்டின மாதிரி இருந்துச்சு. மாத்தி வச்சேன். தூசியை அப்பினேன். சந்தனத்தை எடுத்து ஒரிஜினல்ல ஒட்டினேன்."

"பழசு?"

"உன் சீட்டுக்குக் கீழ."

தீபன் காலை நகர்த்தினான். ஏதோ உருண்டு குதிகாலில் இடித்தது.

பல நாள் திருடன் ஒரு நாள் அகப்படுவான் என்பார்கள். செம்பாக்கா தோட்டத்தில் ஒரு நாள் திருடன் அகப்பட்டுச் செத்துக் கிடந்தான். பல நாள் திருடி எண்பது கிலோமீட்டர் வேகத்தில் கார் ஓட்டிக்கொண்டிருந்தாள்.

"இன்னும் பன்னெண்டு கேக்கறானேக்கா. முடியாதுன்னு சொல்லிடு."

"முடியாதுன்னா சந்தேகம் வந்துடும்டா. ஏன் முடியலைன்னு கேப்பான். கொடுத்துத்தான் ஆகணும்."

"பன்னெண்டு ஒரிஜினலுக்கு நீ எங்க போவ?"

"எங்கேயும் போக வேணாம். காலி பாட்டில் வீட்டுல இருக்கு."

தீபன் கண்ணை இறுக மூடிக்கொண்டான். விரல் விண் விண்ணென்று தெறித்தது. இவளை விட்டு ஓடிவிடலாமா என்று யோசித்தான். ஆனால் இந்த உலகத்தில் அவனுக்காகப் பாராங் கத்திக்கு முன்னால் வந்து உட்காரக்கூடிய ஆள் இவள் ஒருத்திதான்.

"அப்ப இந்தத் தடவை முனிக்கு வைக்கிற பாட்டில்?" என்றான் கடைசியில்.

தினேஸ்வரி அவன் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"அது மட்டும் ஒரிஜினல்டா. சாமி விசயத்துல கலப்படம் பண்ணக் கூடாது."